பேண்ட் கலைந்தால் பாட்டு யாருக்கு?

கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த த்ராஷ் மெட்டல் (அதிவேகமான, கனமான ராக் இசை) கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். பெயர்களை வேண்டுமென்றே விட்டுவிட்டோம்.

கேள்வி: நாங்க நாலு பேர், மூணு வருஷமா த்ராஷ் வாசிக்கிறோம். ஆறு பாட்டு ரெக்கார்டு பண்ணி ஸ்ட்ரீமிங்ல போட்டிருக்கோம். இப்ப கிட்டாரிஸ்ட் பெங்களூருக்கு வேலைக்குப் போறார். "ரிஃப் எல்லாம் என்னோடது, நான் இல்லாம வாசிக்காதீங்க" என்கிறார். "பேர் வெச்சது நான்" என்கிறார் பாடகர். ஸ்டுடியோவுக்குப் பணம் கட்டினது டிரம்மர். எழுத்துல எதுவும் இல்ல. யாருக்கு என்ன சொந்தம்? (லாஸ்பேட்டை வாசகர்)

பதில்: மூவர் சொல்வதிலும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சண்டை ஒன்று போலத் தெரிந்தாலும் பங்கு பிரிக்க வேண்டிய சொத்து நான்கு: பாட்டு, அதன் ரெக்கார்டிங், பேண்டின் பெயர், வாங்கிப் போட்ட சாமான். ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு.

முதலில் பாட்டு. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி இசையை அமைத்தவருக்கு இசை சொந்தம், வரிகளை எழுதியவருக்கு வரிகள் சொந்தம். பதிவு செய்தால்தான் உரிமை என்றில்லை. பாட்டு உருவான அன்றே உரிமை வந்துவிடுகிறது. பதிவு பிற்பாடு நிரூபிக்க உதவும், அவ்வளவுதான். கிட்டாரிஸ்ட் வீட்டில் உட்கார்ந்து முழு இசையையும் அமைத்துக் கொண்டுவந்தார் என்றால் அது அவருடையதுதான். ஆனால் த்ராஷ் பாட்டு அப்படி உருவாவது குறைவு. ஒருவர் இரண்டு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) கொண்டுவருவார், பேஸிஸ்ட் மூன்றாவதை ஒட்டுவார், நடுவில் வேகம் பாதியாக இறங்குகிற இடத்தை ஜாமிங்கில் எல்லோருமாகச் சேர்ந்து பிடித்திருப்பீர்கள். யார் பங்கு எது என்று பிரிக்க முடியாதபடி கலந்துபோனால் சட்டம் அதைக் கூட்டுப் படைப்பாகப் பார்க்கும். அப்போது எந்த ஒருவரும் மற்றவர்களைக் கேட்காமல் பாட்டை வெளியாருக்கு உரிமம் கொடுக்கப் போனால் வம்புதான். வாட்ஸ்அப் குழுவில் பழைய குரல் பதிவுகளைத் தேடி எடுத்துத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். "மச்சி, இந்த ரிஃப் எப்படி?" என்று போன 20 நொடி ஆடியோவை விட நல்ல சாட்சி உங்களிடம் இருக்கப்போவதில்லை.

விலகிப் போனவருக்கு எழுதிய பாட்டின் மேல் உள்ள உரிமை அறுந்துபோவதில்லை. இதற்கு மெட்டாலிகா என்ற அமெரிக்க த்ராஷ் பேண்டின் கதையே போதும். 1983 ஏப்ரலில் கிட்டாரிஸ்ட் டேவ் மஸ்டைனை நியூயார்க்கில் வைத்து நீக்கி, கலிபோர்னியாவுக்கு பஸ் ஏற்றி அனுப்பினார்கள். ஜூலையில் வந்த ‘கில் எம் ஆல்’ ஆல்பத்தில் அவர் வாசிக்கவில்லை. இருந்தும் நான்கு பாட்டுகளில் எழுதியவர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. அதில் ஒரு பாட்டின் ரிஃப்பையே 1985இல் தன் புதிய பேண்டான மெகாடெத்தின் முதல் ஆல்பத்தில் வேறு பெயரில், இன்னும் வேகமாக வாசித்தார். ஒரே ரிஃப், இரண்டு பேண்ட், இரண்டு பாட்டு. பேசி எழுதிக்கொண்டால் உங்களுக்கும் இந்த வழி இருக்கிறது.

அடுத்து ரெக்கார்டிங். ஒலிப்பதிவின் உரிமை அதைத் தயாரித்தவருக்கு, அதாவது முன்கை எடுத்துப் பொறுப்பேற்று அதை நடத்தியவருக்கு. டிரம்மர் பணம் கட்டியது அவருக்குச் சாதகம். ஆனால் மற்ற மூவரும் பிறகு பங்கு போட்டுத் திருப்பியிருந்தால் அவர் கொடுத்தது கைமாற்று, தயாரிப்புச் செலவு நால்வருடையது. ஜிபே வரவுசெலவைப் பாருங்கள், விடை அதில் இருக்கும். ஸ்ட்ரீமிங் கணக்கு யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது என்பதையும் இன்றே பாருங்கள். கோபத்தில் ஒருவர் கணக்கை மூடினால் ஆறு பாட்டும் ஒரே ராத்திரியில் காணாமல் போகும். ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐஎஸ்ஆர்சி எண்ணை எழுதி வையுங்கள். வேறு கணக்கில் திரும்ப ஏற்றும்போது அதே எண்ணைக் கொடுத்தால்தான் பழைய கேட்பு எண்ணிக்கை ஒட்டிக்கொள்ள வழியுண்டு.

பெயர் விஷயத்தில் "நான் வெச்சேன்" என்பதற்குப் பெரிய மதிப்பில்லை. அந்தப் பெயரில் யார் தொடர்ந்து இயங்குகிறார்கள், பதிவு யாரிடம் என்பதே பார்க்கப்படும். 1996 முடிவில் செபுல்ச்சுரா என்ற பிரேசில் பேண்டை விட்டுப் பாடகர் மாக்ஸ் கவலேரா போனபோது பெயர் மிச்சமிருந்தவர்களிடமே நின்றது. ஆரம்பித்தவர்களில் ஒருவரான அவர் சோல்ஃப்ளை என்று புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. இங்கே பேண்ட் பெயருக்கான வணிகச் சின்னப் பதிவு, பொழுதுபோக்குச் சேவைகளுக்கான 41ஆம் வகுப்பில் வரும். தனிநபர் ஆன்லைனில் கட்டுவது 4,500 ரூபாய், பதிவு 10 வருடத்துக்கு. மற்றவர்களுக்குத் தெரியாமல் ஒருவர் பெயரில் போட்டுவிடாதீர்கள். இரண்டாவது சண்டை அங்கேதான் பிறக்கும்.

சாமானுக்கு ஒரு பட்டியல் போதும். பொருள், வாங்கிய விலை, யார் எவ்வளவு கொடுத்தது, இன்று பழைய சாமானாக விற்றால் என்ன கிடைக்கும். மிக்சரை ஒருவர் எடுத்துக்கொண்டால் மற்ற மூவர் பங்கை ரொக்கமாகக் கொடுக்கட்டும். நிகழ்ச்சி வருமானத்தைப் பிரிப்பது பற்றி முன்பே பேசி வைத்தது எதுவும் இல்லையென்றால் 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டம் சமபங்கு என்கிறது. பதியாத கூட்டாண்மையாக இருந்தாலும் கலைத்துக் கணக்கைத் தீர்க்கச் சொல்லிக் கேட்க முடியும்.

கிட்டாரிஸ்ட் பஸ் ஏறும் முன் நால்வரும் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பாட்டு வாரியாக யாருக்கு எத்தனை சதவீதம், மேடையில் வாசிக்கச் சம்மதமா, புதிதாகப் பதிவு செய்யச் சம்மதமா, பெயர் யாரிடம், பழைய கடன் யார் தலையில் என்று ஒவ்வொன்றாக. உரிமையை ஒருவர் மற்றவருக்கு மாற்றிக்கொடுத்தால் காலத்தையும் எல்லையையும் கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டால் சட்டம் அதை 5 வருடம், இந்தியாவுக்குள் மட்டும் என்று எடுத்துக்கொள்ளும். முத்திரைத்தாள் கையெழுத்துப் போடும் ஊருடையதாக இருக்க வேண்டும்: புதுச்சேரியில் போட்டால் புதுச்சேரித் தாள், கடலூரில் போட்டால் தமிழ்நாட்டுத் தாள். 25 கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில் இப்படி ஒரு வில்லங்கம்.

கேள்வி: என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். "அண்டர்கிரவுண்ட் த்ராஷ் பேண்ட்" என்று ஒன்றில் பேஸ் கிட்டார் வாசிக்கிறாளாம். அண்டர்கிரவுண்ட் என்றால் வயிற்றைக் கலக்குகிறது. இது என்ன வகைப் பாட்டு? காது போய்விடாதா? (நெல்லிக்குப்பம், ஒரு அப்பா)

பதில்: போலீஸ் கேஸ் எல்லாம் இல்லை ஐயா. பெரிய கம்பெனியும் ரேடியோவும் இல்லாமல் ரசிகர்கள் கைக்குக் கை கொடுத்தே பரவுகிற பாட்டுக்கு அந்தப் பெயர். 1980களின் தொடக்கத்தில் சான்பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் பையன்கள் பிரிட்டன் ஹெவி மெட்டலின் கிட்டாரையும் பங்க் இசையின் வேகத்தையும் கலந்து வாசித்ததுதான் த்ராஷ். மெட்டாலிகாவின் 1982 டெமோ கேசட், தபாலில் ஊர் ஊராகப் பிரதி எடுக்கப்பட்டே பேர் வாங்கியது. எக்ஸோடஸ் என்ற இன்னொரு பேண்டின் முதல் ஆல்பம் 1984இல் பதிவாகி 1985இல்தான் கடைக்கு வந்தது. அதற்குள் அதன் கேசட் பிரதிகள் ரசிகர்கள் கையில் சுற்றிக்கொண்டிருந்தன.

த்ராஷ் அலை ஓய்ந்தது எப்படி என்றால், 1991 ஆகஸ்டில் மெட்டாலிகாவே வேகத்தைக் குறைத்து ஒரு ஆல்பம் போட்டது, செப்டம்பரில் நிர்வானா என்ற வேறு பாணி ராக் பேண்டின் ஆல்பம் வந்தது, கம்பெனிகளின் பார்வை அந்தப் பக்கம் திரும்பியது. சில பேண்டுகள் அதற்கும் முன்பே வேறு காரணத்தால் உடைந்தன. பிலிப்பைன்ஸ் வம்சாவளியைச் சேர்ந்த உறவுக்காரப் பையன்கள் ஐந்து பேர் நடத்திய டெத் ஏஞ்சல், 1990இல் வண்டி விபத்தில் டிரம்மர் படுகாயப்பட்டு ஒரு வருடத்துக்கு மேல் வாசிக்க முடியாமல் போனதால் கலைந்தது. பத்து வருடம் கழித்து 2001இல் மறுபடி சேர்ந்தார்கள்.

காதைப் பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்வி. 85 டெசிபெல் சத்தத்தில் 8 மணி நேரம் தாங்கலாம் என்பது வேலையிடப் பாதுகாப்புக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் 15 நிமிடம்தான். சின்ன அறையில் டிரம்ஸ் பக்கத்தில் அந்த 100 சாதாரணம். தவிலுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கும் இதே கணக்குதான், அதை யாரும் கேட்பதில்லை. மருந்துக்கடைப் பஞ்சு பயன்படாது. நுரை இயர்பிளக்கை விரலால் மெல்லிதாக உருட்டி, மறுகையால் காதை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டு, அது விரியும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். வாசித்து முடித்து வீட்டுக்கு வந்தபின் காதில் "கொய்ங்" என்று கேட்டால் அன்றைக்கு அளவு மீறியிருக்கிறது.

கேள்வி: வீட்லயே டெமோ எடுத்தோம். தனித்தனியா கேட்டா நல்லா இருக்கு, சேர்த்துப் போட்டா வேகமான இடமெல்லாம் கூழா போகுது. 190 பிபிஎம். எங்க தப்பு? (மஞ்சக்குப்பம்)

பதில்: கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். நிமிடத்துக்கு 190 பீட் என்ற வேகத்தில் ஒரு பீட்டுக்கு நாலு அடி என்றால் நொடிக்கு 12க்கும் மேல். ஒரு அடிக்குக் கிடைப்பது 79 மில்லி நொடி. உங்கள் அறையின் எதிரொலி அரை நொடி நீடித்தால் ஆறு நோட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கிறது. கூழாகாமல் என்ன செய்யும்? மெதுவான பாட்டில் அழகாக இருக்கும் ஒவ்வொன்றும், அதாவது எதிரொலி, நிறைய டிஸ்டார்ஷன் (கிட்டாரின் கரகரப்பு), கொழுத்த பேஸ் எல்லாம் த்ராஷில் எதிரி.

கிட்டாரிலிருந்து ஆரம்பியுங்கள். அந்தக் கரகரப்பைக் கூட்டும் கெயின் குமிழை 8இல் வைத்திருந்தால் 5க்கு இறக்குங்கள். தனியாகக் கேட்க ஏழையாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆம்புக்கு முன்னால் டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல் ஒன்றை டிரைவ் பூஜ்யம், லெவல் முழுசு, டோன் நடுவில் என்று வையுங்கள். டிஸ்டார்ஷனுக்குள் போகும் முன்பே அது கீழ் சுருதியின் கொழுப்பை வழித்துவிடும். உள்ளங்கை ஓரத்தால் கம்பியை அமுக்கி அடிக்கும் பாம் மியூட் அடி "டக் டக்" என்று பிரிந்து வரும். மிட் குமிழை (நடு அலைவரிசை) முழுக்கக் குறைக்கிற பழக்கம் படுக்கையறையில் இனிக்கும், பேண்டோடு சேர்ந்தால் கிட்டாரையே காணோம்.

பிறகு ஒரே ரிஃப்பை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து ஒன்றை முழு இடப்பக்கமும் மற்றதை முழு வலப்பக்கமும் போடுங்கள். ஒரு டேக்கை காப்பி எடுத்து இரண்டு பக்கமும் போட்டால் அகலமாகாது, நடுவிலேயே சத்தம் கூடும். இரண்டு டேக்கும் இறுக்கமாகப் பொருந்தவில்லை என்றால் அதுவே கூழ்தான். அடி கொஞ்சம் தள்ளி விழுகிற இடத்தை எடிட் செய்வதைவிட மறுபடி வாசிப்பது சீக்கிரம் முடியும். முதல் டேக்கை எடுக்கும்போதே கிட்டாரின் நேரடி சிக்னலையும் தனி ட்ராக்கில் பிடித்து வையுங்கள், பின்னால் டோன் பிடிக்காவிட்டால் ஆம்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

மிக்ஸில் கிட்டாரின் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். அந்த இடம் பேஸ் கிட்டாருக்கும் காலால் அடிக்கும் கிக் டிரம்முக்கும். இரண்டு காலாலும் டபுள் பேஸ் அடிக்கும்போது கிக் கேட்பது அதன் "தும்"மால் அல்ல, 3 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் இருக்கிற "டிக்"கால். பெடலின் நுரை பீட்டரை எடுத்து பிளாஸ்டிக் அல்லது மரப் பீட்டர் போடுங்கள், டிரம்முக்குள் ஒரு தலையணை, மைக்கை உள்ளே பீட்டரைப் பார்த்து. நாலு இன்புட்தான் இருக்கிறது என்றால் டிரம்ஸுக்கு மேலே இரண்டு மைக், கிக் ஒன்று, ஸ்னேர் ஒன்று.

நம் ஊர்த் தொல்லை ஒன்று உண்டு: ஃபேனை நிறுத்தித்தான் மைக் போட வேண்டும், நிறுத்தினால் வியர்த்துக் கொட்டும், கம்பி சூடாகிச் சுருதி இறங்கும். ஒவ்வொரு டேக்குக்கும் டியூன் பாருங்கள். வேகத்தில் வலது கை கம்பியை அமுக்கும்போது சுருதி ஏறும் என்பதால், ட்யூனரில் மெல்லத் தட்டிப் பார்க்காமல் வாசிக்கிற பலத்திலேயே அடித்துப் பாருங்கள். லேப்டாப்புக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் கட்டாயம்.

கேள்வி: ஜாம் ரூம் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினோம். பக்கத்து வீட்டு ஆச்சி இன்னும் சண்டைக்கு வருகிறார். (கடலூர் முதுநகர்)

பதில்: ஆச்சி பக்கம்தான் நியாயம். முட்டை அட்டை அறைக்குள் கீச்சென்ற எதிரொலியைக் கொஞ்சம் அடக்கும், வெளியே போகும் சத்தத்தை அடக்காது. சத்தத்தைத் தடுப்பது கனம். பூசிய 9 அங்குலச் செங்கல் சுவர் சுமார் 50 டெசிபெலைத் தடுக்கும். ஆனால் அந்தச் சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு இடைவெளி இருந்தால் தடுப்பு 20 டெசிபெலுக்கு விழுந்துவிடும். கதவுக்கு அடியில் இருக்கும் விரற்கடை, வெண்டிலேட்டர், ஏசி குழாய் போகும் ஓட்டை, இவைதான் உங்கள் குற்றவாளிகள். தகரக் கூரை அல்லது ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் சுவரில் எது செய்தாலும் வீண், அறையை மாற்றுங்கள்.

கதவைச் சுற்றி ரப்பர் பட்டை, அடியில் தரையைத் தொடும் பிரஷ் அல்லது ரப்பர். முடிந்தால் ஓரடி விட்டு இரண்டாவது கதவு. ஜன்னலைச் செங்கல் வைத்து அடையுங்கள். டிரம்ஸின் அதிர்வு தரை வழியாகப் போகும் என்பதால் இரண்டு 19 மில்லிமீட்டர் பிளைவுட் பலகைகளுக்கு நடுவே டென்னிஸ் பந்துகளைப் பள்ளம் வெட்டிப் பதித்து, அந்த மேடையில் டிரம்ஸை வையுங்கள். தெர்மோகோலும் மெத்தை நுரையும் ஒட்டவே ஒட்டாதீர்கள். சத்தமும் நிற்காது, ஒரு பொறி பட்டால் உள்ளே இருப்பவர் தப்புவது கஷ்டம்.

குடியிருப்புப் பகுதியில் விதி பகலில் 55 டெசிபெல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. பரீட்சை மாதத்தில் விதியைப் பேசாதீர்கள், ஆச்சியிடம் நேரம் கேட்டு வாசியுங்கள்.

கேள்வி: 90களில் புதுச்சேரியில் வாசித்துக் கலைந்த ஒரு பேண்டின் டெமோ கேசட்டுகள் என் சித்தப்பாவிடம் கிடைத்தன. வெள்ளையாகப் பூத்திருக்கிறது. கணினியில் ஏற்றுவது எப்படி? (முத்தியால்பேட்டை)

பதில்: பூத்ததை அப்படியே டெக்கில் போட்டுவிடாதீர்கள். பூஞ்சை ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு சில நாள் உலரவிட்டு, மொட்டை மாடியில் மாஸ்க் போட்டுக்கொண்டு மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். கூடு உடைந்திருந்தாலோ டேப்பை அழுத்தும் சின்னப் பஞ்சு விழுந்திருந்தாலோ, திருகு போட்ட இன்னொரு கேசட்டின் கூட்டுக்குள் இரண்டு சக்கரங்களையும் மாற்றுங்கள். ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டியபின் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

சத்தம் மங்கலாக இருந்தால் ஹெட்டின் பக்கத்தில் உள்ள சின்னத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, சிம்பல் எங்கே கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். பழைய இடத்தைக் குறித்து வையுங்கள். கணினியில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்து, சத்தத்தின் உச்சம் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல் பதியுங்கள். முதல் பிரதியில் இரைச்சல் நீக்கும் வேலை எதுவும் செய்யாதீர்கள்.

வேகம் சரியா என்று பார்க்கச் சுருதியை நம்ப முடியாது. பல த்ராஷ் பேண்டுகள் அரை சுரம் இறக்கி வாசிப்பார்கள். அதைவிட நல்ல அளவுகோல் ரெக்கார்டிங்கில் புகுந்திருக்கும் கரண்ட் "ஹம்". அது 50 ஹெர்ட்ஸ் அருகே இருக்க வேண்டும். 53இல் இருந்தால் கிட்டத்தட்ட அரை சுரம் வேகமாக ஓடுகிறது. டேப்பை நிறுத்தியும் ஹம் கேட்டால் அது உங்கள் டெக்கினுடையது, கணக்கில் சேராது. 90களில் தென்னக மின்தொடர் 50க்குக் கீழே இறங்குவது சகஜம் என்பதால் இரண்டு மூன்று சதவீதம் விட்டுப் பிடியுங்கள்.

கேசட்டின் இரண்டு பக்கமும் ஒரே பாட்டுகளாக இருந்தாலும் இரண்டையும் ஏற்றுங்கள். 29 நிமிடம்கூட வராத ஸ்லேயரின் ‘ரெயின் இன் பிளட்’ கேசட்டில் முழு ஆல்பமும் இரு பக்கமும் இருந்தது. அப்படி இருந்தால் ஒரு பக்கத்தில் சத்தம் விழுந்த இடத்தை மறுபக்கத்திலிருந்து வெட்டி ஒட்டலாம்.

கேள்வி: கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. கிட்டார் கம்பி பத்தே நாளில் துருப்பிடிக்கிறது. (குருசுக்குப்பம்)

பதில்: உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்த வேலை. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியைக் கம்பிக்கு அடியிலும் விட்டுத் துடையுங்கள். மேலே மட்டும் துடைப்பதால்தான் அடிப்பக்கம் அரிக்கிறது. சுவரில் மாட்டாமல் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டிக்குள் வையுங்கள், ஜெல்லின் நிறம் மாறியதும் புதிதாக மாற்றுங்கள். மேல்பூச்சுப் போட்ட கம்பி விலை கூட, ஆனால் உங்கள் தெருவுக்கு அதுதான் கட்டுப்படியாகும். வால்யூம் குமிழ் கரகரத்தால் எலக்ட்ரானிக்ஸ் கான்டாக்ட் கிளீனர் மட்டும் அடியுங்கள், பிரிட்ஜ் திருகுகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு.